முற்றும் எச்சமும்

இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் வினைமுற்றையும் எச்சத்தையும் விளக்க வேண்டி வரும். 'நெய்தான்' என்றால் தொடர் அமைந்துவிடுகிறது. 'நெய்து' என்று நிறுத்தினால் கேட்பவர் இன்னொரு வினைக்காகக் காத்திருப்பார். 'நெய்த' என்றால் ஒரு பெயரைத் தேடுவார். இந்தப் பாகுபாடு தொழிற்சாலைக் கிடங்குகளிலும் உயிரோடு இருக்கிறது என்பதை என் பழைய மாணவன் ஒருவன் வழியாகத்தான் அறிந்தேன்.

நான் வசிக்கும் கதிர்காமத்தை அடுத்துத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. தமிழ் இலக்கியம் படித்த அம்மாணவன், பிளாஸ்டிக் புட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்க்கிறான். செய்து முடித்த பொருளைக் கணினியில் பதிவு செய்வது அவன் பணி. உற்பத்திக் கூடத்திலிருந்து பெட்டிகள் வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டைக் குறியை வருடியால் படிக்க வேண்டும். பொருளின் குறியீடு, எண்ணிக்கை, தொகுதி எண், நாள், ஷிப்ட் ஆகியவற்றைச் சரிபார்த்துச் சேமிக்க வேண்டும். டாலி மென்பொருளில் இதற்கு 'மேனுஃபாக்சரிங் ஜர்னல்' என்று பெயர். எஸ்.ஏ.பி. மென்பொருளில் உற்பத்தியிலிருந்து வரும் வரவுக்கு 101 என்ற எண்ணும், உற்பத்திக்குச் செல்லும் மூலப்பொருளுக்கு 261 என்ற எண்ணும் உண்டு.

சேமித்த கணத்தில் முடிந்த பொருளின் இருப்பு கூடுகிறது. கூடவே மூலப்பொருளின் இருப்பு குறைகிறது. ஆயிரம் புட்டிக்கு இத்தனை கிலோ குருணை, இத்தனை மூடி, இத்தனை அட்டைப்பெட்டி என்று முன்பே எழுதி வைத்த ஒரு பட்டியலைக் கொண்டு மென்பொருளே கழித்துக்கொள்கிறது. எந்திரம் சூடேறும்வரை கோணலாக வந்து விழுந்த புட்டிகள் அதற்குத் தெரியா. யாராவது எழுதினால்தான் தெரியும். எழுதாவிட்டால் தரையில் இல்லாத மூன்று மூட்டைக் குருணை திரையில் இருந்துகொண்டே இருக்கும். இருப்பெடுக்கும் நாளில் அந்த மூன்று மூட்டையைத் தேடுவார்கள். முதல் ஐயம் கிடங்குக்காரன் மீதும் காவலாளி மீதும் விழும். எழுதப்படாத கழிவு இப்படித் திருட்டாக உருமாறுவதுண்டு.

ஒரு பொருள் எப்போது முடிந்ததாகிறது என்பது நம் நாட்டில் நெடுங்காலம் சட்டத்தின் கேள்வியாகவும் இருந்தது. 1944ஆம் ஆண்டின் கலால் சட்டம் விற்பனைக்கு வரி விதிக்கவில்லை, உற்பத்திக்கு விதித்தது. அதனால் அன்றாட உற்பத்தியை 'ஆர்.ஜி.1' என்னும் பதிவேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த நிலையில் ஏற்றுவது, பெட்டியில் அடைப்பதற்கு முன்பா பின்பா என்பதை ஒட்டி வழக்குகளும் எழுந்தன. 2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்களுக்கு அந்தப் பதிவேட்டின் காலம் முடிந்தது. ஆயினும் புதிய விதிகளும் உற்பத்தியாளரிடம் மாதக் கணக்கு கேட்கின்றன: பயன்பட்ட மூலப்பொருள் எவ்வளவு, விளைந்த பொருள் எவ்வளவு, கழிவும் உபபொருளும் எவ்வளவு. பல நிறுவனங்கள் மறக்க விரும்பும் கழிவைச் சட்டம் பெயர் சொல்லிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கு புதுச்சேரிக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து அவுரி நீலம் தோய்த்த 'கினே' துணி பிரான்சு வழியாகச் செனகலுக்குப் போயிற்று. அங்கே பிசின் வாணிகத்தில் அது நாணயமாகவே புழங்கியது. நீளத்திலோ எடையிலோ குறைந்த துணி கள்ளக்காசுக்கு ஒப்பாகும் என்பதால், அளந்து முத்திரையிட்டு அனுப்பும் முறை வந்தது. பட்டினப்பாலை பாடும் புகார்த் துறையில் சரக்குகள் மேல் புலி இலச்சினை இட்டதும் இதே மரபில் வருவதுதான்.

துணியை அளந்த ஊரில், அதை நெய்தவரின் நேரத்துக்கு அளவு வர நெடுங்காலமாயிற்று. வேலைநேர வரம்பு கேட்டும் சங்க உரிமை கேட்டும் புதுவை ஆலைத் தொழிலாளர் போராடினர். 1936 ஜூலை 30இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. 1898இல் தோன்றி, 'ரோடியர் மில்' என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டது. சங்கும் கொடியும் இருந்த ஆலைகள் போய், இன்று பொருள்கள் தொழிற்பேட்டைக் கூடங்களில் விளைகின்றன. எண்ணிக்கையைத் திரை வைத்திருக்கிறது.

அந்தத் திரை முன்னால்தான் ஒரு மாதக் கடைசி இரவில் என் மாணவன் உட்கார்ந்திருந்தான். மாத இலக்குக்கு 40 பெட்டி குறைந்தது. புட்டிகள் வார்த்தாகிவிட்டன, மூடி போடவில்லை, பெட்டியில் அடைக்கவில்லை. "காலையில கட்டிடுவாங்க, என்ட்ரியை மட்டும் போட்டுடு" என்றார் மேற்பார்வையாளர். சிறிய வேண்டுகோள்தான். ஆனால் பதிவேறியதும் அந்த 40 பெட்டியும் விற்பனைப் பிரிவின் கண்ணுக்குத் தெரியும், பட்டியல் போடுவார்கள், லாரி வந்து நிற்கும். நாளை அடைக்கும் பெட்டிக்கு இன்றைய நாளும் இன்றைய தொகுதி எண்ணும் அமையும். பிறகு மூடியில் பழுது கண்டு ஒரு நாளின் சரக்கைத் திரும்ப அழைத்தால் நல்லது திரும்பி வரும், பழுதானது கடையிலேயே இருக்கும். அந்தப் புட்டியில் மருந்து நிரப்பியிருந்தால் விளைவு எதுவரை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவை எல்லாவற்றின் அடியிலும் பதிவானது அவன் பயனர் பெயர்.

"பெட்டி இன்னும் எச்சமா நிக்குது ஐயா, நான் எப்படி முற்று போடறது?" என்று என்னிடம் கேட்டான். பாடம் நடத்துபவனுக்கு இதைவிடப் பெரிய சன்மானம் கிடையாது. ஆயினும் அதைக் கேட்டு மகிழ என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவன் அன்றிரவு தான் எண்ணியதை மட்டும் பதிந்தான். மீதியை மறுநாள் அடைத்த பின், மறுநாளின் தேதியில் பதிந்தான். அடுத்த வாரமே நிரந்தர இரவுப் பணிக்கு மாற்றப்பட்டான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நேர்மையை வகுப்பில் இலக்கியமாகப் பேசுகிறவர்கள் அதற்குரிய விலையைக் கொடுப்பதில்லை. மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவன் தன் தூக்கத்தால் கொடுக்கிறான்.

வேலையை அவன் விடவில்லை. பதிவுத் திரையின் அடியில் 'குறிப்பு' என்றொரு கட்டம் இருக்கிறதாம். நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் எல்லோரும் வெறுமையாக விடுவார்களாம். இவன் ஒவ்வோர் இரவும் அதில் ஒரு வரி சேர்க்கிறான்: தொடக்க ஓட்டத்தில் 38 புட்டி கழிவு, மின்தடையால் 12 புட்டி கழிவு. அதை யாராவது படிக்கிறார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.