பதினாறு நாளும் ஆறு ஆண்டும்

1994 அக்டோபர் 23 இரவு, கொழும்பு தொட்டலங்கவில் ஐக்கிய தேசியக் கட்சியின் தேர்தல் கூட்டம். நள்ளிரவு தாண்டிய வேளையில் குண்டு வெடித்தது. அதிபர் வேட்பாளர் காமினி திசாநாயக்கவும், கட்சியின் பொதுச் செயலாளர் காமினி விஜேசேகரவும், பேச்சுக் கேட்க வந்தவர்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பழி விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. விடிந்தால் அரசுக்கும் புலிகளுக்கும் நடக்கவிருந்த இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வாக்குப்பதிவு நவம்பர் 9.

வேட்பாளர் இறந்தால் கட்சி வேறொருவரை நிறுத்தலாம் என்பது அங்குள்ள சட்டம். எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குக் காமினியோடு மோதிச் சொற்ப வாக்கில் தோற்ற ரணில் விக்கிரமசிங்க கட்சிக்குள் இருந்தார். ஆனாலும் காமினியின் மனைவி சிறிமாவைத்தான் நிறுத்தினார்கள். வழக்கறிஞர் அவர். அந்த அம்மாவின் துணிவை வணங்குகிறேன். நிறுத்தியவர்களின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. குண்டு வெடித்ததிலிருந்து வாக்குப்பதிவு வரை பதினாறே நாள். நம் பக்கம் கருமாதி முடிக்கவே அத்தனை நாள் ஆகும்.

எதிரே நின்ற சந்திரிகா குமாரதுங்கவும் கணவனைப் பறிகொடுத்தவர்தான். 1988 பிப்ரவரியில் விஜய குமாரதுங்கவை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன், 14 வயதிலேயே, பிரதமராக இருந்த தகப்பனையும் துப்பாக்கிக்குக் கொடுத்தவர் சந்திரிகா. கணவன் போன பிறகு சில காலம் நாட்டைவிட்டே விலகியிருந்தார். திரும்பி வந்து 1993இல் மேல் மாகாண முதலமைச்சரானார், 1994 ஆகஸ்டில் பிரதமரானார். துக்கத்தைச் சுமந்தபடியே வேலை பழக அவருக்கு ஆறு ஆண்டு வாய்த்தது. முடிவில் சந்திரிகாவுக்கு 62 சதவீதம், சிறிமாவுக்கு ஏறக்குறைய 36. ஐக்கிய தேசியக் கட்சியின் பதினேழு ஆண்டு ஆட்சியின் மேல் மக்களுக்கு இருந்த சலிப்பும், போர் ஓயும் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. காமினியே நின்றிருந்தாலும் தோற்றிருக்கலாம். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை அழக்கூட விடாமல் மேடையேற்றியதுதான் என் மனசை அறுக்கிறது.

மூணாறு, பீர்மேடு மலைகளில் இருக்கும் நமக்கு இது அயலார் கதை இல்லை. நம் முன்னோர் தேயிலைக்காக இந்த மலை ஏறிய காலத்தில்தான் இன்னொரு கூட்டம் கடல் தாண்டி நுவரெலியா பக்கம் போனது. இரண்டு இடத்திலும் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. சம்பாதித்தவர் கண்ணை மூடினால், இனி யார் வேலைக்குப் போவது என்ற பேச்சு வாசலில் பந்தல் பிரிக்கும் முன்பே எழுகிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை படிப்பை விட்டுக் கொழுந்துக்கூடையைத் தூக்குகிறது. பெரியவர்களும் அதைத் தியாகம் என்று மெச்சிவிட்டு எழுந்து போகிறோம். அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன ஆசை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த கூலிப் பேச்சில் இதையும் வையுங்கள். சாவு விழுந்த வீட்டை ஓராண்டாவது கம்பெனி கேட்கக் கூடாது. அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் படிப்பு முடியும்வரை கேட்கக் கூடாது. வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.