கானோ நகரில் ஒரு பகல்

1976ஆம் ஆண்டில் நைஜீரிய அரசு அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் பெருகின, படிப்பிக்க ஆளில்லை. எண்ணெய்ப் பணம் கையிலிருந்த காலமாதலின் வெளிநாடுகளிலிருந்து ஆசிரியர்களை வருவித்தார்கள். அவ்வாறு சென்ற இலங்கையருள் நானும் ஒருவன். நாட்டின் வடபுலத்திலே, கசௌரே என்னும் சிற்றூரில், கணிதம் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. மாணவர்கள் என்னை ‘மாலம்’ என்றார்கள். ஆசிரியர் என்பது பொருள். தெருப் பிள்ளைகளோ ‘பதூரே’ என்று கூவினார்கள். அது வெள்ளைக்காரனுக்குரிய பெயர். என் நிறத்துக்கு அப்படியொரு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

1984ஆம் ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் தனியே கானோவுக்குப் புறப்பட்டேன். பழைய நகரைப் பார்க்க வேண்டுமென்பது நெடுநாள் ஆசைதான். எனினும் அன்று புறப்பட்டதற்குக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து ஐயா எழுதிய கடிதம் ஒன்று பத்து நாட்களாக என் மேசையிற் கிடந்தது. அதற்கு மறுமொழி எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் எழுந்துவிடுவேன். அறைக்குள் இருந்து எழுத முடியாததை ஒருவேளை வெளியிலே எழுதலாம் என்று எண்ணிக் கடிதத்தையும் ஒரு விமானக் கடிதத் தாளையும் பையிலிட்டுக் கொண்டேன்.

ஐயா கேட்டிருந்தது சிறிய கேள்வி. 1983 ஆடிக்குப் பின்னர் கொழும்பிலிருந்து உடைமை இழந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வீடு தேடி அலைந்தார்கள். அவர்களுள் ஒருவர் எங்கள் நாற்சார் வீட்டை நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். அப்பு கட்டிய வீடு அது. அவர் போட்ட பனஞ்சிலாகைகள் இன்னும் உறுதியாக உள்ளன என்றும், இடையில் மாற்றிய தென்னஞ்சிலாகைகளைக் கறையான் அரித்துவிட்டது என்றும், கூரை முழுவதையும் கழற்றி வேய வேண்டும் என்றும் ஐயா எழுதியிருந்தார். தம்பி இலண்டனில், நான் இங்கே. “நீ திரும்பி வருவதானால் வேய்விக்கிறேன். இல்லையாயின் கேட்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன். யோசித்து எழுது.”

பீஜோ 504 வண்டியில் ஒன்பது பேர் நெருங்கியிருந்தோம். முந்திய ஆண்டின் கடைசி நாளிலே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தமையால் வழியில் இருமுறை இறக்கிச் சோதித்தார்கள். ஹர்மத்தான் காற்று வீசும் பருவம். சகாராவின் நுண்மண் வானத்தை மறைத்து நிற்க, சூரியன் வெள்ளித் தட்டுப் போலத் தெரிந்தது. காலை பத்து மணியளவில் சபோன் கரி என்னும் புதுக்குடியிருப்பில் இறங்கி, நடந்தே கொஃபார் மாத்தா வாயிலை அடைந்தேன். ‘பெண்கள் வாயில்’ என்பது அப்பெயரின் பொருள்.

அவ்வாயிலுக்கு அருகிலேதான் புகழ்பெற்ற சாயக்கிணறுகள் உள்ளன. 1498ஆம் ஆண்டு முதல் இவை இயங்குவதாக அவ்வூரார் கூறுவர். நிலத்தில் வட்ட வட்டமாகத் தோண்டிய ஆழ்குழிகள்; அவற்றினுள்ளே அவுரியும் சாம்பலும் உவர்க்காரமும் நீரும் சேர்ந்து நாட்கணக்கில் புளிக்கின்றன. ஒரு முதியவர் குழியின் விளிம்பிற் குந்தியிருந்து துணியை அமிழ்த்தினார், எடுத்தார், மீண்டும் அமிழ்த்தினார். வெளியே வரும்போது பச்சை சாயலாகத் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாகிறது. பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் இதனைக் காட்டியிருந்தால் நான் இரசாயனத்தை விட்டுக் கணிதத்துக்கு ஓடியிருக்க மாட்டேன். சாயமேறிய துணியை அயலிலே மரச்சம்மட்டியால் அடித்து அடித்து மினுக்கினார்கள். பாலைவனத்துத் துவாரெக் மக்கள் தலைப்பாகைக்கு அதனை விரும்பி வாங்குவார்களாம். நம் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்திலே சாயவேர் கொண்டு துணிக்குச் செந்நிறம் ஊட்டிய தொழில் இருந்தது. அதன் சுவடு இன்று எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஓரிடமும் தெரியாது.

குர்மிச் சந்தையை விரைந்து கடந்தேன். பதினைந்தாம் நூற்றாண்டிலே முகம்மது றும்ஃபா என்னும் மன்னன் நிறுவிய சந்தை அது. சன நெருக்கத்தில் பையைக் காப்பதிலேயே கருத்துச் சென்றமையால் அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை.

சந்தைக்கு அப்பால் ஒடுங்கிய சந்துகள். இருபுறமும் செம்மண் சுவர்கள். மூலைகளிலே கொம்பு போன்ற முகடுகள். ஓரிடத்தில் ஒரு வீட்டைப் புதுக்கிக் கொண்டிருந்தார்கள். பேரிக்காய் வடிவில் உருட்டி வெயிலிற் காயவைத்த மண்கட்டிகள் குவிந்திருந்தன. கூரையின் ஒரு பகுதியைத் திறந்திருந்தார்கள். திறந்த இடத்தில் கருமையான மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. அண்ணாந்து பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு வைரத்தில் வெளிர்நார் ஓடிய அந்த மரத்தை எங்கு கண்டாலும் எனக்குத் தெரியும். பனை! ஆபிரிக்கப் பனை நம் பனையின் உடன்பிறப்பு. ஹவுசா மக்கள் ‘கிகின்யா’ என்பர். அதனைப் பிளந்து எடுக்கும் சிலாகைக்கு ‘அசாரா’ என்று பெயர். கறையான் எளிதில் தொடாது என்பதனாலேயே கூரைக்கு அதனைத் தேர்ந்தார்கள்.

மண் குழைத்துக் கொண்டிருந்த இளைஞன் ஆங்கிலம் அறிந்தவன். கடுனாவில் வேலை பார்ப்பதாகவும், மழைக்காலம் முடிந்தபின் ஆண்டுதோறும் வந்து தந்தையாருடன் சுவருக்கு மண் பூசுவதாகவும் சொன்னான். ஓரிரு மாரிக்குப் பூசாமல் விட்டால் சுவர் கரையத் தொடங்கும். பின்னும் விட்டால் வீடு மண்மேடாகும். “கூலிக்கு ஆள் பிடித்தால் ஆகாதா?” என்று கேட்டேன். தமையன் லாகோசிலிருந்து பணம் அனுப்புகிறான், கூலியாட்களும் உண்டு என்றான். “ஆனால் மாலம், எந்த மூலையில் நீர் இறங்கும் என்பது கூலிக்காரனுக்குத் தெரியாதே. இங்கே பிறந்தவன் அல்லவா காட்ட வேண்டும்?” கூரையிலிருந்த கிழவர் ஏதோ உரத்துச் சொல்ல, அவன் சிரித்துக் கொண்டு மண்ணைத் தூக்கிக் கொடுத்தான்.

வீடுகளுக்கு மண் எடுத்த பள்ளங்கள் குளங்களாகி அந்நகரெங்கும் கிடக்கின்றன. தலா குன்றில் ஏறிப் பார்க்கையில் அவை தூசிக்கூடே மங்கலாக மின்னின. கானோ மிகப் பழையது. 1851இல் இங்கு வந்த ஹைன்ரிச் பார்த் என்னும் ஜேர்மானியப் பயணி இதனை வியந்து எழுதினார். 1903இல் பிரித்தானியர் இதனைக் கைப்பற்றினர். ஆனால் குன்றின் மேலிருந்து நான் கண்ட சுவர்களுள் எத்தனை பழையவை? ஒவ்வோராண்டும் புதிய மண் ஏறிய சுவர்கள் அல்லவா அவை! எங்கள் ஊரில் வேலியடைப்பு நினைவுக்கு வந்தது. மாரி கழிந்ததும் ஐயா பனையோலை கட்டுவார். தம்பியும் நானும் உள்ளும் புறமும் நின்று குத்தூசி வாங்கிக் கொடுப்போம். கடைசியாக எப்போது வாங்கிக் கொடுத்தேன் என்று கணக்குப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகள்.

பிற்பகல் வண்டி நிலையத்துக்கு மீண்டேன். ஒன்பது பேர் சேராமல் வண்டி புறப்படாது. ஆறு பேரே இருந்தோம். முழங்காலில் பையை வைத்து, அதன்மேல் தாளை விரித்து எழுதினேன். வீட்டை விற்க வேண்டாம். தென்னஞ்சிலாகைகளைக் கழற்றிவிட்டுப் பனையே போடுங்கள். பணம் அனுப்புகிறேன். கானோவில் கண்ட கூரையைப் பற்றியும் விரிவாக எழுதித் தாளை நிரப்பினேன். திரும்பி வருவேனா என்ற கேள்விக்கு மறுமொழி எழுதவில்லை. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

ஐயா வேய்வித்தார். கேட்டவர் வேறிடத்தில் வீடு வாங்கினார். 1986இல் நான் நைஜீரியாவை விட்டுப் புறப்பட்டது யாழ்ப்பாணத்துக்கன்று, கனடாவுக்கு. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்துச் சனங்களோடு ஐயாவும் அம்மாவும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஐயா திரும்பவில்லை. வீட்டை விற்றிருந்தால் அந்தப் பணத்துடன் அவர்கள் முன்னரே எங்களிடம் வந்திருக்கக்கூடும் என்று தம்பி ஒருமுறை சொன்னான். நான் மறுக்கவில்லை.

கானோவின் மதிலும் இன்று பெரும்பாலும் அழிந்து போயிற்று. சாயக்கிணறுகளிற் சிலவே இயங்குகின்றன. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின், மறு ஆண்டு நான் ஊருக்குச் சென்றேன். நாற்புறச் சுவர்களும் நின்றன, கூரை இல்லை. ஓட்டையும் மரத்தையும் யாரோ கொண்டு போயிருந்தார்கள். முற்றத்தில் ஆளுயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை. பக்கத்து வீட்டு அம்மா என்னை அழைத்துச் சென்று தம் கிணற்றடியைக் காட்டினார். வாய்க்காலின் குறுக்கே, கால் வைத்துக் கடப்பதற்காக, இரண்டு கரிய சிலாகைகள் கிடந்தன.

“உங்கட வீட்டுத் தான் தம்பி. பிழையாய் நினையாதையுங்கோ. வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ” என்றார்.

குனிந்து விரலால் தட்டிப் பார்த்தேன். உறுதியாக இருந்தன. கிடக்கட்டும் அம்மா என்று சொல்லிவிட்டு, அவற்றின்மேல் நடந்து அப்பாற் சென்றேன்.