வேலியடைப்பு

மாரி ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்தில் வேலியடைப்புத் தொடங்கிவிடும். ஏக்கருக்கு 16 பரப்பு என்று கணக்கிடும் சின்னச் சின்னக் காணிகள். அவற்றின் எல்லையெங்கும் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக வேர்விட்டு நிற்கும். குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள்.

முதல்நாள் மாலையே அப்பு கிடுகுகளைக் கிணற்றடியில் நனைத்து வைத்துவிடுவார்; காய்ந்த கிடுகு கட்டும்போது முறியும். விடிந்ததும் பழைய வேலியைப் பிரிப்பார்கள். கறையான் தின்ற ஓலை புகையிலைத் தோட்டத்தில் தாழ்க்கப் போகும். வெட்டி விழுத்திய குழையெல்லாம் ஆட்டுக்கு. புதுக் கிடுகு ஏறும்வரை எங்கள் வளவும் மாமி வீட்டு வளவும் ஒன்றாகக் கிடக்கும். அந்த அரைநாள் எங்களுக்குத் திருவிழா. இரண்டு முற்றத்தையும் சேர்த்துக் கிளித்தட்டு மறிப்போம்.

கட்டத் தொடங்கியதும் என்னை மாமி வீட்டுப் பக்கம் அனுப்புவார்கள். அப்பு எங்கள் பக்கத்திலிருந்து குத்தூசியைச் செருகுவார். ஈரக் கிடுகைக் கிழித்துக்கொண்டு அதன் கூர் என் முகத்துக்கு நேரே வரும். துளையிலுள்ள கயிற்றை நான் கழற்ற வேண்டும். வரிச்சைச் சுற்றிக் குத்தூசி மறுபடி வரும்போது கோத்துவிட வேண்டும். "கோத்திட்டியே பிள்ளை?" என்பார். "ஓம் அப்பு, இழுங்கோ." கயிறு இறுகும்போது வேலி முழுவதும் ஒருமுறை அதிரும்.

கிணற்றடிப் பக்கத்தில் ஆள் நுழையுமளவு பொட்டு ஒன்று விடச்சொல்லி அம்மம்மா பக்கத்திலேயே நிற்பா. கறிவேப்பிலை, அடுப்புக்குத் தணல், சுகமில்லாதவருக்குக் கஞ்சி, எல்லாம் அந்தப் பொட்டு வழிதான் போய்வரும். படலையால் வருகிறவர்கள் விருந்தாளிகள். பொட்டால் வருகிறவர்கள் வீட்டு மனிதர். சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

சண்டைக்கும் குறைவில்லை. கதியாலைச் சாண் அளவு தள்ளி நட்டார்கள் என்று கோடேறிய குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன.

1995 அக்டோபர் கடைசியில், போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பியபோது ஓலை உக்கி விழுந்திருந்தது. கதியால்கள் மட்டும் தளிர்த்து நின்றன. பிறகு பல வளவுகளுக்குத் தகரம் வந்தது, மதில் வந்தது. மதிலை ஒரு பக்கத்தில் நின்றே கட்டி முடிக்கலாம். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அதற்காகவே, முகம் கொடுக்காமல் திரிந்த அயலவரும் வருடத்தில் ஒருநாள் பேசிக்கொண்டார்கள்.