யார் ஒதுங்குவது?

ஒதுங்குவதை நம்ம சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரில் ஊர்க்காரன் வந்தால் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கு. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளு. செருப்பைக் கையில் எடு. எந்தப் புத்தகத்தில் இருந்தது இந்தச் சாலை விதி? 1924லேயே சென்னை மாகாண சட்டசபை, பொதுத்தெருவில் யாரும் நடக்கலாம் என்று தீர்மானம் போட்டது. வீரையனும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்த சபை அது. நூறு வருசமாச்சு. இன்னும் சில ஊரில் நம்ம பிணம் வயலில் இறங்கித்தான் சுடுகாடு போகுது.

அதனாலோ என்னவோ, வெள்ளானூர்ப் பக்கம் வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு இந்த யோசனை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. எங்க பக்கம் நானூறடி ரோடு என்றுதான் பேர். சர்வீஸ் ரோடு மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் டிப்பர் லாரி, காலேஜ் பஸ், கம்பெனி வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே வாயில் நுழையப் பார்க்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்க நைனா என் தோளைத் தட்டுவார். "நில்லுடா, அவங்க போவட்டும்." யார் அந்த அவங்க? கண்ணாடிக்குள் இருக்கிறவன் முகமே தெரியாது. ஆனாலும் அவர் உடம்பு ஒதுங்குகிறது. எழுபது வருசப் பழக்கம்.

லாரிக்காரனுக்கு உன் சாதி தெரியுமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். தெரியாதுதான். முட்டி மோதுகிறவன் எல்லாம் சாதிவெறியன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்கண்ணாடியில் தன் சாதிப் பேரை ஒட்டிக்கொண்டு வருகிறானே, அது யார் படிக்க? 1997ல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள், கலவரம். கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டது. ஒரு தலித் பேருக்கு ரோட்டில் இடம்விட மனசில்லாமல் அத்தனை பேரையும் இறக்கிவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ல் வந்த சாலை விதிப்படி, பிரதான சாலையில் நுழைகிறவன் அதில் ஏற்கெனவே போகிற வண்டிக்கு விடணும். மற்ற சந்திப்பில் வலது கைப்பக்கம் வருகிறவனுக்கு விடணும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எல்லாரும் விடணும். காரா மொபெட்டா, உள்ளே இருப்பவன் யாரு மகன் என்கிற கேள்வியே அதில் இல்லை. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. ஒரு தடம் முடிந்து இன்னொன்றில் சேரும் இடத்தில், ஜிப்பின் பல் மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு என்று போகணும், சட்டமே அப்படி. நம்ம குழாயடியில் குடம் வரிசை வைக்கத் தெரிந்த பெண்களுக்கு இது புரியும்.

நான் நைனாவிடம் சொல்வது இதுதான்: முறைப்படி நிற்கிறேன், பயந்து நிற்க மாட்டேன். எனக்கு முறை வந்தால் வண்டியை எடுப்பேன். அவர் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் நடந்து போகிறவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. விடிகாலையில் சாப்பாட்டுக் கூடையோடு கம்பெனி வேலைக்குப் போகும் நம்ம பெண்கள் அந்த ஆறு வழிச் சாலையின் ஓரத்தில் கைகோத்து நிற்கிறார்கள். ஒருத்தி கையை நீட்டிக்கொண்டே முதல் அடி வைக்கிறாள். லாரி ஹாரன்தான் அடிக்கிறது, வேகத்தைக் குறைப்பதில்லை.