அம்மாவின் மூன்றாம் தவணை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு விதமான பாட்டுகள் கேட்கும். விடியற்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, ஊர்ப் பெடியன்கள் திருவெம்பாவை பாடிக்கொண்டு ஒழுங்கை வழியே வருவார்கள். அம்மா குளித்து, விளக்கேற்றி, படலையடியில் நின்று அவர்களோடு சேர்ந்து பாடுவார். பின்னேரம் பலகாரத்துக்குப் பயறு வறுக்கும்போது அதே வாய், பெத்லகேமையும் மாட்டுத்தொழுவத்தையும் பற்றிய பாட்டொன்றை முணுமுணுக்கும். அப்பாச்சிக்கு இது பிடிக்காது. "சைவ வீட்டிலை இதென்ன பாட்டு, பிள்ளை?" என்பார். "போர்டிங் பழக்கம், மாமி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்ப்பார்.

நாங்கள் வட்டுக்கோட்டைக்காரர். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரியைத் தொடங்கியது எங்கள் ஊரில்தான். அது 1855இல் மூடப்பட்டு, 1872இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆனால் அந்நாளில் அந்த வளவு ஆண்பிள்ளைகளுக்குரியது. பெண்பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிப்பிக்க விரும்பியவர்கள் கிழக்கே ஐந்தாறு மைல் தள்ளி உடுவிலுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள பெண்கள் விடுதிப் பாடசாலையை 1824இல் தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று அதைச் சொல்வதுண்டு.

அதன் தொடக்கம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மிஷன் வீட்டுக்குத் தையல் பழக வந்த சிறுமியர் இருவர், பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்ததாம். பிறர் வீட்டில் உண்பதென்பது அக்காலத்தில் சாதி ஆசாரம் சம்பந்தப்பட்ட பெரிய விடயம். பசி ஆசாரத்தை வென்றது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், விடுதி பிறந்தது என்பது கதை. ஆண்டு விபரங்களைத் தேடும் பத்திரிகைக்காரன் இதையெல்லாம் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் கேட்பான். ஆயினும் எங்கள் மாரிமழையை அறிந்தவனுக்கு அதை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வராது.

அம்மாவின் நினைவில் அந்தப் பாடசாலை ஒரே ஒரு மாதமாகத்தான் இருந்தது: டிசம்பர். மூன்றாம் தவணை முடிவில் பிள்ளைகள் வீடு போய்விடுவார்கள் என்பதால், பாடசாலையின் நத்தார் எப்போதும் 25ஆம் திகதியை முந்திக்கொண்டுதான் வரும். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி அறியாத ஊரில், சவுக்கங்கிளையை வெட்டிவந்து வாளி மண்ணில் நட்டு, பஞ்சைப் பிய்த்து ஒட்டிவிட்டால் அதுதான் உறைபனி. கேக்குக்கு முந்திரிகைப் பருப்பு நறுக்கும் வேலை பெரிய பிள்ளைகளுக்கு. நறுக்கியதில் எவ்வளவு கேக்குக்குப் போயிற்று என்பது பற்றி அம்மா கடைசிவரை உண்மை சொன்னதில்லை. நத்தார் நாடகத்தில் அவருக்கு மூன்று வருடம் யோசேப்பு வேடம், காரணம் உயரம். தென்னந்தும்பால் செய்த தாடி மேடையிலேயே கழன்று விழ, மரியாளாக இருந்தவள் குழந்தை இயேசுவை மடியில் வைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்த கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். அந்த மரியாளும் ஒரு சைவப் பிள்ளைதான்!

இதில் எனக்கு வேடிக்கையாகப்படுவது ஒன்று. இந்தப் பாடசாலையை நிறுவியவர்கள் நத்தார் கொண்டாடும் மரபில் வந்தவர்கள் அல்லர். வின்ஸ்லோ அம்மையார் கனெக்டிகட்டின் நார்விச் நகரத்தவர். அந்த நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துத் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள், வேதத்தில் இல்லாத பண்டிகை என்று கிறிஸ்மஸை ஒதுக்கினார்கள். மாசச்சூசெற்ஸில் 1659இல், அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் என்று சட்டமே இருந்தது. 1681இல் சட்டம் நீங்கிற்று, வழக்கம் நீங்கவில்லை. அங்கே அது விடுமுறை நாளானது 1856இல், அதாவது உடுவில் பாடசாலைக்கு முப்பத்திரண்டு வயதானபின். 'நத்தார்' என்ற சொல்லையும் அமெரிக்கர் தரவில்லை. அவர்களுக்கு இருநூறு ஆண்டு முந்திய போர்த்துக்கேயக் கத்தோலிக்கர் விட்டுச்சென்ற சொல் அது. ஆகவே அம்மாவின் டிசம்பர், நிறுவியவர்கள் கொண்டுவந்த பொருளன்று.

அம்மாவின் தங்கையை, என் சின்னம்மாவை, மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியில் சேர்த்தார் தாத்தா. உடுவிலிலிருந்து அதிக தூரமில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென நிறுவிய விடுதிப் பாடசாலை அது. ஆஸ்திரேலியாவில் பிறந்து அவரை மணந்த லீலாவதி அம்மையார் அதைப் பேணி வளர்த்தவர். அங்கே மார்கழி என்றால் திருவெம்பாவை. சகோதரிகள் இருவரும் கிழவிகளான பின்னும், யாருடைய மார்கழி மேலானது என்று சண்டை பிடிப்பார்கள். "உங்களுக்குக் கேக், எங்களுக்குப் பிட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சின்னம்மா முடித்துவைப்பார்.

விடுதியில் பிள்ளையைத் தக்கவைப்பது தொடக்கத்திலிருந்தே பெரும் பாடு. கலியாணம் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடுவார்கள். ஆகவே மிஷன் ஒரு யுக்தி செய்தது: படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனத்தையும் தானே கொடுத்தது. மாப்பிள்ளைமார் பலர் எங்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். சீதனத்தை ஒழிக்க வந்தவர்கள் சீதனம் கொடுத்துப் பெண்கல்வியை வளர்த்தார்கள் என்று எழுதினால் இன்று சிலர் கோபிக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1840இல் வந்த எலைசா அக்னியூ, 1879வரை ஒருதரமேனும் தாய்நாடு திரும்பாமல் அங்கே படிப்பித்து, 1883இல் மானிப்பாயில் காலமானார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அவரிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரிடமே படித்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் கொழும்பில் செய்தியறையில் இருந்தேன். சில இலட்சம் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போகிறது என்று எழுதிய கைக்கு, அந்தச் சனத்துக்குள் தன் தாய் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. இரண்டு கிழமை கழித்துத்தான் உயிரோடிருக்கும் செய்தி வந்தது. நேரில் கண்டது அடுத்த வருடம், அவர் ஊர் திரும்பிய பிறகு. கூரையில்லாத வீட்டு விறாந்தையில் இருந்து, தான் சுமந்துபோன பையை அம்மா எனக்குத் திறந்து காட்டினார். காணி உறுதி, வங்கிப் புத்தகம், அப்பாவின் படம், பொலித்தீனில் சுற்றிய ஒரு சின்ன ஓட்டோகிராப்.

நான் அதை அதற்குமுன் கண்டதில்லை. 1947 டிசம்பர் என்று முதற் பக்கத்தில் இருந்தது. வட்டுக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் அமைந்து, சபாபதி குலேந்திரன் முதற் பேராயரான வருடம். அது எங்கள் ஊர்ச் சரித்திரம். அம்மாவின் சரித்திரம் உள்ளே இருந்தது. ரோசாப்பூ, புறா, மெழுகுதிரி என்று கலர்ப் பென்சிலால் கீறி, பதினேழு பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ எல்லாரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: ஜனவரியில் சந்திப்போம்.

"ஒருத்தருக்கும் தெரியாதோ அம்மா?"

"எனக்கே தெரியாதே. ஐயா வாடகைக் கார் பிடிச்சுக்கொண்டு வந்தவர். றங்குப்பெட்டியை ஏத்தேக்கை, மெத்தையையும் எடு பிள்ளை எண்டார். ஏன் மெத்தை, திரும்பி வரத்தானே போறன் எண்டன். பேசேல்லை. மானிப்பாய்ச் சந்தி தாண்டினாப் பிறகுதான் சொன்னவர், தையிலை கலியாணம் எண்டு."

எங்கள் அப்பா நல்ல மனிதர். அம்மாவும் குறையென்று எதையும் சொன்னவரல்லர். இதையும் அழுது சொல்லவில்லை. மெத்தையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார். அதன்பின் ஐம்பது வருடத்தில் அவர் அந்தப் பாடசாலை வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வாசலால் எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பார்!

2008இல் அம்மா காலமானார். ஓட்டோகிராப் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதினேழு பேரில் யாரையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. கலியாணத்தோடு பெயர்கள் மாறி, போரோடு முகவரிகளும் மாறிவிட்டன.

2018இல் மூன்றாம் தவணை முடிந்த அன்று, என் மருமகளின் மகளை விடுதியிலிருந்து கூட்டிவர நானும் உடுவிலுக்குப் போனேன். அவளுடைய தகப்பன் பெட்டியை வானில் ஏற்றினான். மெத்தையை எடுக்கவில்லை. "மெத்தை?" என்று நான் கேட்டேன். பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அது ஏன் தாத்தா? ஜனவரி ரெண்டாந்திகதி வரோணுமே."