தலைக்கு மேலே ஓடிய நிழல்

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் பதுளைத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது அங்கேதான். 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கணவரும் இல்லை, போவதற்கு வீடும் இல்லை. ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு, நமுனுகுல மலையடிவாரத்து லயமொன்றில் இருந்த பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தேன்.

கொழுந்து பறிக்கப் போன முதல் மாதத்தில் ஒருநாள், தேயிலைச் செடிகளின் மேல் பெரிய நிழலொன்று ஓடியது. என்ன ஏதென்று நினைப்பதற்குள் கூடையோடு விழுந்து செடிகளுக்கடியில் முகத்தைப் புதைத்துவிட்டேன். கிபிர் வரும்போதெல்லாம் பதுங்குகுழிக்குள் விழுந்து பழகிய உடம்பு அது. பக்கத்து நிரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"எந்திரி புள்ள. பருந்துதான். பயப்படாம மேல பாரு" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பார்த்தேன். உடல் முழுவதும் கறுப்பு. அலகின் அடியும் கால்களும் மட்டும் மஞ்சள். விரித்த சிறகு ஐந்தடி இருக்கும். அதன் நுனி இறகுகள் கைவிரல்களைப் போலப் பிரிந்து நின்றன. சிறகை அடிக்காமல், மர உச்சிகளை உரசுவதுபோல் சரிவு வழியே மெதுவாக மிதந்து போனது.

அது கருங்கழுகு என்று பின்னர் மகளின் ஆசிரியை சொன்னார். மலைக்காடுகளை விரும்பும் பறவை. அது மெதுவாகப் பறப்பது மரங்களிலுள்ள கூடுகளைத் தேடுவதற்காகத்தான். முட்டைகள், குஞ்சுகள், அணில், ஓணான் எல்லாம் அதன் இரை. சில வேளைகளில் கூட்டையே நகங்களால் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். உயரமான மரத்தில் சுள்ளிகளால் கூடு கட்டி, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். மலையுச்சிக் காடும் ஓடையோர மரங்களும் இருக்கும்வரைதான் அதற்கு வாழ்வு.

சீட்டுப் பணத்தில் கோழி வாங்கி வளர்த்தபோது குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. கறுப்புப் பறவையைத்தான் திட்டினேன். "அது இல்ல. அந்தச் சவுக்கு மரத்துல குந்தியிருக்கே, அதுதான்" என்று பெரியம்மா காட்டினார். மண்ணிற முதுகு, கோடு விழுந்த நெஞ்சு, தலையில் குடுமி. இந்தக் குடுமிக் கழுகு இலைமறைவில் அசையாமல் காத்திருந்து, திடீரெனப் பாய்ந்து தூக்கும். அதன்பிறகு குஞ்சுகள் வளரும்வரை வலைபோட்ட கூட்டுக்குள் அடைத்து வைத்தேன். இழப்பு நின்றது.

சகோதரிகளே, வானத்தில் போகும் எல்லாமே நம்மைத் தேடி வருவதில்லை என்று என் உடம்புக்குப் புரிய வெகுகாலம் எடுத்தது. இன்றும் நிழல் ஓடினால் முதலில் நெஞ்சு படபடக்கும். ஆனால் இப்போது நான் விழுவதில்லை. நின்று, அண்ணாந்து பார்த்து, எது என்று அறிந்துகொண்ட பிறகு மறுபடியும் கொழுந்தில் கை வைக்கிறேன். வளர்ந்துவிட்ட என் மகளோ நிழலைக் கண்டதும் வெளியே ஓடிப்போய்ப் பார்க்கிறாள்.