ரெண்டு கம்பி

ஒரு ராக் பேண்ட் ஆரம்பிக்கணும்னா முதல்ல யாரைத் தேடுவோம்? கிட்டார் வாசிக்கத் தெரிஞ்சவனைத்தான். நம்ம கல்ச்சுரல்ஸ்லயும் அதே கதைதானே! ஆனா 1989-ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துல, கேம்பிரிட்ஜ் நகரத்துல உருவான 'மார்ஃபின்' பேண்ட்ல கிட்டாரிஸ்ட்டுன்னு தனியா ஒருத்தர் கிடையாது.

மொத்தம் மூணு பேர். பாடுற மார்க் சாண்ட்மேன் கையில ஒரு பேஸ் கிட்டார். வழக்கமா அதுல 4 கம்பி இருக்கும். இவரோடதுல 2 தான். விரல்ல ஸ்லைடு மாட்டி, கம்பி மேல வழுக்கிக்கிட்டே வாசிப்பார். டேனா கோலி பாரிடோன் சாக்ஸபோன். சில பாட்டுல ரெண்டு சாக்ஸபோனை ஒரே நேரத்துல வாயில வெச்சு ஊதுவார்! டிரம்ஸ் முதல்ல ஜெரோம் டுப்ரி, அப்புறம் பில்லி கான்வே. தங்கள் இசைக்கு அவங்க வெச்ச பேரு 'லோ ராக்'.

பேரு சரிதான். பேஸ், சாக்ஸ், சாண்ட்மேனோட குரல் மூணுமே கீழ்த்தளத்துலயே குடியிருக்கும். கிட்டார் நிரப்பவேண்டிய மேல்தளம் காலியா கிடக்கும். அந்தக் காலி இடத்தாலதான் அவர் முணுமுணுத்தாக்கூட ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்குது.

பிளேஸ்மென்ட் சீசன் முழுக்க எனக்கு இவங்கதான் துணை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நீளமான பட்டியல் கேட்குது. என்கிட்ட உருப்படியா இருக்கிறது ரெண்டு: எம்பெடட் சி, சர்க்யூட்டைப் பொறுமையா நோண்டிக் கோளாறைக் கண்டுபிடிக்கிறது. "ரெண்டு கம்பி போதும்டா"ன்னு எனக்கு நானே சொல்லிக்க ஆசைதான். ஆனா சாண்ட்மேன் விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. அவருக்குக் கிட்டார் தெரியாமல் இல்லை. அதுக்கு முன்னாடி 'ட்ரீட் ஹெர் ரைட்' பேண்ட்ல கிட்டார் வாசிச்சவர். முதல் மார்ஃபின் ஆல்பம் 'குட்' 1992-ல வந்தப்போ வயசு 40-ஐத் தொட்டாச்சு. எதை விடலாம்னு தெரிஞ்சுக்கவே அத்தனை வருஷம் ஆகியிருக்கு. இல்லாதது வேற, விட்டது வேற. 21 வயசுல எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியமா படுது.

இது பெரிய வெற்றிக் கதையும் இல்லை. 1997-ல ட்ரீம்வொர்க்ஸ் மாதிரி பெரிய நிறுவனம் ஆல்பம் வெளியிட்டும் அவங்க சூப்பர்ஸ்டார் ஆகலை. 1999 ஜூலை 3, இத்தாலியில பாலஸ்த்ரீனா ஊர்ல மேடையிலேயே மாரடைப்பு வந்து சாண்ட்மேன் இறந்தார். வயசு 46. முடிச்சு வெச்சிருந்த 'தி நைட்' ஆல்பம் 2000-ல வந்தது. மிச்சமிருந்தவங்க நண்பர்களையும் சேர்த்து 'ஆர்கெஸ்ட்ரா மார்ஃபின்'னு பேர் வெச்சு அந்தப் பாட்டுகளை ஊர் ஊரா வாசிச்சாங்க.

கேட்கணும்னு தோணினா 1993-ல வந்த 'கியூர் ஃபார் பெயின்' ஆல்பத்துல ஆரம்பிங்க. நல்ல இயர்போன் போட்டுக்கோங்க. போன் ஸ்பீக்கர்ல அந்த ரெண்டு கம்பி சரியா கேட்காது.